வெட்டுக்கோடு விரலுக்குத் தெரியும்

சென்னிமலையிலிருந்து பெருந்துறை போகும் சாலையில், மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஓடு வேய்ந்த நீளமான கொட்டகை ஒன்று இருக்கிறது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. தறிச் சத்தம்தான் அடையாளம் என்றால் அதுவும் உதவாது. தெருவுக்குத் தெரு தறி ஓடும் ஊர் இது. கேட்டுக் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன். இங்கே தறியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் பார்வையற்றவர்கள், அல்லது மிகக் குறைந்த பார்வை உள்ளவர்கள். துண்டு, டஸ்டர், மேசை விரிப்பு, தலையணை உறைத் துணி எல்லாம் நெய்கிறார்கள். நெய்த துணியை அவர்களே வெட்டிக்கொள்ள ஒரு கருவி தயாராகியிருக்கிறது, பலமுறை திருத்தி இப்போதுதான் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

நெய்யத் தெரிந்தவருக்கு வெட்டுவது என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். இந்தக் கூடத்தில் தார் சுற்றுவது, பாவு என்கிற நீளவாக்கு இழைகளைப் பிணைப்பது, நெய்வது எல்லாம் அவர்கள் கையாலேயே நடந்துவந்தது. துணி தறியை விட்டு இறங்கியதும் வேலை நின்றுவிடும். வெட்டித் தருவதற்குப் பார்வையுள்ள ஒருவர் வர வேண்டும். அவர் வராத நாட்களில் துணி சுருளாகவே கிடக்கும். தையலுக்கு வேலை இருக்காது, சரக்கு போகாது, சரக்கு போகாமல் கூலி கைக்கு வராது. வெட்டுக்கூலியும் வெளியே போய்விடும். முழுக்க முழுக்க அவர்கள் நெய்த துணிதான். ஆனால் அது என்றைக்குத் துண்டாகி விலைக்குப் போகும் என்பது இன்னொருவர் கையில் இருந்தது.

தார்ப் பெட்டியும் மூங்கில் பட்டையும்

"செருப்ப அங்கயே விட்டுட்டு, வலது கைச் சுவரைத் தொட்டுக்கிட்டே வாங்க. நடுவுல பெஞ்சு கிடக்கும், முட்டிக்காதீங்க."

உள்ளே இருந்து வந்த குரல் கூடத்தின் பொறுப்பாளருடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர், பிறவியிலேயே பார்வை இல்லை. அங்கே எல்லோருக்கும் அக்கா. வெளி வெயிலிலிருந்து சட்டென்று உள்ளே நுழைந்ததில் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. அவர் சொன்னபடியே சுவரைத் தடவிக்கொண்டு போனேன். கொட்டகையின் ஒரு பாதியில் மட்டும் விளக்குகள் எரிந்தன. கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் உட்காரும் தறிகள் அவை. மறுபாதிக்கு விளக்கு தேவைப்படவில்லை.

முதலில் தார் சுற்றும் இடம். இரண்டு பெண்கள் ராட்டையில் நூலைத் தாருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிறத்துக்கு ஒரு பெட்டி. வெள்ளைக்கு மூடி வழுவழுப்பு, நீலத்துக்கு மூடியில் ஒரு வெட்டு, சிவப்புக்கு இரண்டு. ஒருமுறை நூல் எந்தப் பெட்டியில் விழுந்ததோ அதுதான் கடைசிவரை அதன் நிறம். கட்டம் போட்ட துண்டு நெய்கிறவர், குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை மாற்றும்போது பெட்டியைத் தொட்டுத்தான் மாற்றுகிறார்.

தறிகள் எல்லாம் மரச்சட்டத் தறிகள். நான் பக்கத்தில் நின்று பார்த்த தறியில் இருந்தவர் நாற்பதுகளில் இருக்கும் ஓர் அண்ணன். பரம்பரை நெசவாளர், சர்க்கரை நோயில் கண் போனது. தறி அவருக்குப் புதிதில்லை, இருட்டுதான் புதிது. ஒரு சாண் நெய்ததும் நிறுத்தி, துணிக்கும் அச்சுக்கும் இடையே உள்ள பாவின்மேல் உள்ளங்கையை ஓட்டுகிறார். ஒற்றை இழை அறுந்தால் சத்தத்தில் தெரியாது, கையில் தெரியும் என்றார். அறுந்த இழையை விழுதின் கண்ணுக்குள் கோர்த்து, அச்சில் விட்டு, முடிச்சுப் போட்டு மறுபடி நாடாவை எறியும்வரை அவர் முகம் என் பக்கமே திரும்பியிருந்தது. பேச்சும் நிற்கவில்லை.

நீளம் அளக்க ஒரு கயிறு. அதன் முனையில் ஊக்கு, நடுநடுவே முடிச்சு. இஞ்சுக்கு 40 ஊடை, அதாவது குறுக்கு இழை, விழும் துணியில் 60 இஞ்சுத் துண்டுக்கு 2,400 ஊடை வேண்டும். அதை எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். துண்டு தொடங்கும் இடத்தில் ஊக்கைக் குத்திவிட்டு, துணி சுற்றச் சுற்றக் கயிற்றையும் உடன் விடுகிறார். கடைசி முடிச்சு விரலில் தட்டினால் ஒரு துண்டு முடிந்தது.

அடுத்துச் செய்ததைத்தான் குனிந்து பார்க்கச் சொன்னார் அக்கா. கடைசி ஊடையை இரட்டையாகப் போட்டு இறுக்கி அடித்தார் அந்த அண்ணன். பிறகு சுண்டுவிரல் அகலத்தில் சீவிய ஒரு மூங்கில் பட்டையைப் பாவின் வாய்க்குள் செருகினார். பட்டையை ஒட்டி மறுபடி இரட்டை ஊடை போட்டு அடித்தார். அடுத்த துண்டு தொடங்கிவிட்டது. கொஞ்சம் நெய்தபின் பட்டையை உருவினால், இரண்டு துண்டுக்கும் நடுவே ஊடை இல்லாத வெற்றுப் பாவு ஒரே அகலத்தில் நிற்கிறது. ஓரத்தில் இருப்பது இரட்டை ஊடை என்பதால் எளிதில் நழுவி வராது. குஞ்சம் வைத்த துண்டுக்கு எல்லாத் தறியிலும் இப்படி இடைவெளி விடுவது உண்டு. இங்கே மடித்துத் தைக்கும் துண்டுக்கும் விடுகிறார்கள்.

"வெட்டுற இடம் எதுன்னு நெய்யறப்பவே எனக்குத் தெரியுமுங்க. அப்புறம் எதுக்கு இன்னொருத்தர் வந்து அதத் தேடோணும்?" என்று கேட்டார் அந்த அண்ணன். கருவி பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

படிக்கிற விரல், வெட்டுப்படுகிற விரல்

பார்வையற்றவர்களுக்குத் தறி சொல்லிக்கொடுப்பது நம் நாட்டில் புதிதில்லை. 1887-இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கிய பள்ளியும், 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளியும் இந்தியாவின் ஆரம்பகாலப் பார்வையற்றோர் பள்ளிகள். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1943-இல் டேராடூனில் ஒரு விடுதி அமைந்தது. அதன் தொடர்ச்சியாகவே 1950-இல் அங்கே வயதுவந்த பார்வையற்றோருக்கான பயிற்சி மையம் வந்தது. அங்கே கற்றுத்தந்த கைத்தொழில்களில் நெசவும் ஒன்று. தறியில் எல்லாம் வரிசைப்படி வரும். நாடா ஒரே தடத்தில் ஓடும், மிதி ஒரே இடத்தில் இருக்கும், கைக்கு எட்டும் தூரத்தில்தான் எல்லாம் நடக்கும். அதனால் கை பழகிவிட்டால் நெசவு பழகிவிடும்.

வெட்டு மேசை அப்படிப்பட்டதில்லை. பழைய முறையை அக்கா செய்து காட்டினார். துணியின் கரையில் சின்னதாகக் கத்தரித்து, ஒரு ஊடை நூலின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். நூல் சுருங்கிச் சுருங்கி உருவி வந்தது. அது இருந்த இடத்தில் மயிரிழை அகலத்தில் ஒரு தடம். தையல்காரர்கள் நேராக வெட்ட இன்றைக்கும் செய்கிற வேலைதான் இது. இடதுகை ஆட்காட்டி விரலை அந்தத் தடத்தில் வைத்து, பின்னாலேயே கத்தரிக்கோலை நகர்த்தினார். கோடு பிசகவே இல்லை. ஆனால் ஒரு துண்டின் அகலத்தைக் கடக்க அவருக்குப் பிடித்த நேரத்தில், பார்வையுள்ளவர் அடுக்கையே முடித்திருப்பார். நடுவில் நூல் அறுந்தால் மறுபடி நுனியைத் தேட வேண்டும்.

மெதுவாக நடப்பது பாதிக் கஷ்டம்தான். மீதிப் பாதி அவர் விரலில் இருந்தது. பழைய தழும்புகள். பார்வையுள்ளவர் கோட்டைத் தூரத்திலிருந்து கண்ணால் பார்க்கிறார். கை கத்திக்குப் பின்னால் இருக்கிறது. பார்வையற்றவர் கோட்டை விரலால்தான் பார்க்க முடியும்; அந்த விரல் கத்திக்கு நேர் முன்னால் போய்த்தான் ஆக வேண்டும். கோட்டைப் படிக்கிற விரல் எதுவோ, வெட்டுப்படுவதும் அதுதான்.

பின்னலாடைக் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர்கள் போடும் இரும்பு வலைக் கையுறையை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். விரல் தப்பியது, தொடுவுணர்ச்சி போய்விட்டது. "கண்ணக் கட்டிவிட்ட மாதிரி ஆயிப்போச்சு" என்று சிரித்தார் அக்கா.

மூலையில் கிடக்கும் மாதிரிகள்

கொட்டகையின் கோடியில் ஓர் அலமாரி. கைவிட்ட மாதிரிகளைத் தூக்கிப் போடாமல் அங்கே வைத்திருக்கிறார்கள். புதிதாக யோசனையோடு வருகிறவர்களிடம் முதலில் இதைக் காட்டுவது வழக்கம் என்பதால் எனக்கும் காட்டினார்கள்.

ஒன்று, ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்துகொண்டு வந்தது. மேசைக்கு மேலே லேசர் விளக்கு. துணிமேல் சிவப்புக் கோடு நேராக விழும், அதன் வழியே வெட்டலாம். கொண்டுவந்து மாட்டி, சுவிட்சைப் போட்டு, "இப்ப கோடு தெரியுதுங்களா?" என்று ஒரு பையன் கேட்டானாம். கூடமே சிரித்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. குறைந்த பார்வை உள்ள இருவருக்கு அந்தக் கோடு கொஞ்சம் உதவியதாம். அந்தப் பையன்களில் ஒருவன் மறுபடி மறுபடி வந்து, தறியில் உட்கார்ந்து பழகி, இப்போதைய கருவியின் வரைபடத்தைப் போட்டிருக்கிறான்.

இன்னொன்று பேசும் கருவி. துணியை இழுக்க இழுக்க இத்தனை சென்டிமீட்டர் என்று குரல் சொல்லும். நாலு தறி ஓடும் கூடத்தில் அந்தக் குரல் யார் காதில் விழும்? ஹெட்ஃபோன் மாட்டினால் பக்கத்தில் நடப்பது கேட்காது. காதை அடைப்பது இவர்களைப் பொறுத்தவரை பாதுகாப்புக் குறைவு.

மூன்றாவது மோட்டார் கத்தி. பார்க்க வசதியாகத்தான் இருந்தது. பொத்தானை அமுக்கினால் வட்டக்கத்தி சுழலும், துணி வெண்ணெயாக அறுபடும். இதை வேண்டாம் என்றவர் தறியில் பார்த்த அந்த அண்ணன். சுவிட்சை அணைத்த பிறகும் கத்தி சில நொடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மோட்டாரின் இரைச்சல் அடங்கிவிடும், கத்தி அடங்கியிருக்காது. பார்வையுள்ளவருக்குக் கத்தி சுற்றுவது கண்ணில் படும். சத்தத்தை நம்பி வாழ்கிறவருக்குச் சத்தமில்லாமல் சுற்றும் கத்தியைவிட ஆபத்தானது எது? பிரேக் போட்டுத் தருகிறோம் என்றிருக்கிறார்கள். "பிரேக்கு தேஞ்சுபோனா எனக்கு யாரு சொல்றது?" என்று கேட்டாராம். அதற்குமேல் மோட்டார் பேச்சு எழவில்லை.

கத்தி கூட்டுக்குள் இருக்கிறது

இப்போதைய கருவி சன்னல் ஓரத்து மேசையில் இருந்தது. மேசைக்குக் கறுப்புச் சாயம், கருவியின் கைப்பிடிகளுக்கு மட்டும் மஞ்சள். குறைந்த பார்வை உள்ளவர்கள் கேட்டபடி. செய்தவர் அன்றைக்கு வந்திருந்தார். திருப்பூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். அதற்குமுன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். திருப்பூரில் மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரிக்கும்போது, ஒவ்வொரு விரிப்பின் முனையையும் அறுக்க எண்ட் கட்டர் என்று ஒன்று இருக்கும். மேசையின் குறுக்கே ஒரு தண்டவாளம், அதில் கத்தி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். கத்தி கையில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது. "இதத்தான் சுருக்கி எடுத்தேன். புதுசா நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலைங்க" என்றார்.

அவர் அடக்கமாகச் சொல்கிறார். தண்டவாளம் பழையது, அதைச் சுற்றி இருப்பது புதியது.

மேசையின் குறுக்கே இரண்டு பித்தளைக் கம்பிகள் பதித்திருக்கின்றன. மேசை மட்டத்துக்குமேல் துளி எழும்பி நிற்கும். அவற்றின் நடுவே ஒரு பள்ளம், பள்ளத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. கத்தி ஓடுவது அந்தப் பட்டையின்மேல். தேய்ந்தால் உருவிவிட்டு வேறு போடலாம். கம்பிகளுக்கு வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு உள்ள அகலமும் தறியில் செருகும் மூங்கில் பட்டையின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. தறிக்கும் மேசைக்கும் உள்ள ஒப்பந்தம் இந்த ஓர் அளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்க்கச் சொன்னார் அக்கா. துணியைக் கம்பிகளுக்கு மேலே இழுத்துக்கொண்டே போனேன். நெய்த பகுதி மேலே இருக்கும்வரை கம்பி ஒரு மழுங்கிய வரம்பாக மட்டும் விரலில் தட்டியது. வெற்றுப் பாவு வந்து உட்கார்ந்ததும், இழைகளின் நடுவே பித்தளை நேராகத் தட்டுப்பட்டது. உலோகத்தின் குளிர்ச்சி துணியின் வெதுவெதுப்பிலிருந்து பிரிந்து தெரிந்தது. இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை இரண்டு விரலை இரண்டு கம்பியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு கம்பி மட்டும் துணிக்குள் மறைந்தால் துணி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இழுத்துச் சரிசெய்து மறுபடி ஓட்டினேன். இரண்டும் குளிர்ந்தன.

"இப்ப கைய எடுங்க. சட்டத்த இறக்குங்க."

ரப்பர் ஒட்டிய இரட்டைச் சட்டம் மேலிருந்து இறங்கிக் கம்பிகளுக்கு இருபுறமும் துணியை அமுக்கிக்கொள்கிறது. முழுதாக இறங்கினால் கணீரென்று ஒரு தட்டு. துணி எங்காவது மடிந்து தடித்திருந்தால் அந்தத் தட்டு கேட்காது. சட்டம் இறங்கிய பிறகு கம்பியைத் தொட விரலுக்கு வழியில்லை. இரண்டு சட்டங்களுக்கும் இடையே இருப்பது 6 மில்லிமீட்டர் சந்து மட்டும். மின்சாதனங்களுக்குள் விரல் போகுமா என்று சோதிக்க 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோக விரல் ஒன்றைப் பயன்படுத்துவது உலக வழக்கம். அந்த விரல் இந்தச் சந்துக்குள் நுழையாது.

கத்தி வலக்கோடியில் ஒரு கூட்டுக்குள் இருக்கிறது. 45 மில்லிமீட்டர் வட்டக்கத்தி. தையல் சாமான் கடையில் கிடைப்பதுதான். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் தையல்காரர்களுக்காகக் கொண்டுவந்த உருளும் கத்தியின் வகை. கையால் தள்ளினால் உருண்டு அறுக்கும், விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். சட்டம் முழுதாக இறங்கினால்தான் கூட்டின் கொக்கி விலகும். கத்தி நடுவழியில் இருக்கும்வரை சட்டம் மேலே எழும்பாது. கோடியில் இருக்கும் கூட்டுக்குள் போய் அடங்கினால்தான் எழும்பும். இடப்பக்கமும் ஒரு கூடு இருப்பதால் கத்தியைத் திரும்பக் கொண்டுவரும் வேலை இல்லை. அடுத்த வெட்டு இடமிருந்து வலம். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கும் குறை இல்லை.

தள்ளினேன். 'சர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. முடிவில் டக் என்று கூடு வாங்கிக்கொண்டது. சட்டம் எழும்பியதும் துண்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்; ஒரே சீராக நறுக்கிய குஞ்சம். மடித்துத் தைக்கும்போது அது உள்ளே போய்விடும்.

"சத்தம் ஒரே மாதிரி வந்துதுங்களா? நடுவுல பட் பட்டுன்னு விட்டு விட்டு வந்தா கத்தி மழுங்கிப்போச்சுன்னு அர்த்தம்" என்றார் அக்கா. மோட்டார் இருந்திருந்தால் இந்தச் சத்தம் காதில் விழுந்திருக்காது.

படிப்பது, பூட்டுவது, வெட்டுவது என்று மூன்றையும் வரிசையில் பிரித்ததுதான் இந்தக் கருவியின் சாரம். கத்தரிக்கோலில் மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன, விரல் அகப்பட்டது. இங்கே விரல் படித்து முடித்து விலகிய பிறகுதான் கத்தி கூட்டை விட்டு வரவே முடியும். கவனமாக இரு என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பிரெயில் ஏன் இல்லை

கருவியில் எங்கும் பிரெயில் எழுத்து இல்லாததைக் கவனித்துக் கேட்டேன். வரைபடம் போட்ட மாணவர் முதலில் எல்லாப் பிடிக்கும் பிரெயில் பட்டி ஒட்டியிருக்கிறார். பள்ளியில் படித்த அக்காவுக்கு அது தெரியும். நடுவயதில் கண்போன அண்ணனுக்குத் தெரியாது. சர்க்கரை முற்றியவர்களுக்கு விரல் நுனியின் உணர்ச்சியும் குறையலாம். அதனால் பட்டியை எடுத்துவிட்டு, கைப்பிடிகளின் வடிவத்தையே மாற்றினார்கள். சட்டத்தின் பிடி உருண்டை, கத்தியின் பிடி தட்டை, பூட்டு முக்கோணம். கம்பிகள் மெலிதாக இருந்ததைத் தடிப்பாக்கியதும் அண்ணனுக்காகத்தான்.

வெற்றுப் பாவு விடாத துணியும் உண்டு. பையும் உறையும் தைக்க எடுக்கும் மீட்டர் துணிக்கு நடுவில் இடைவெளி விட்டால் வீண். அதற்கு மேசையின் நீளவாக்கில் துளைவரிசை. ஒவ்வொரு துளையிலும் ஆணி செருகலாம். பத்தாவது துளை தோறும் பக்கத்தில் ஒரு புள்ளி எழும்பி நிற்கும். துணியின் முனையை ஆணியில் முட்டவைத்து, மறுமுனையில் வெட்டலாம். தறியில் கயிற்றால் அளந்த அளவை இங்கே நம்புவதில்லை. தறியில் துணி விறைப்பாக நிற்கும். இறக்கி வைத்தால் தளர்ந்து நீளம் குறையும். தண்ணீர் பட்டால் இன்னும் குறையும். ஆகவே மேசைக்கு வருமுன் ஓரிரவு தளரவிட்டே வெட்டுகிறார்கள்.

வளைவு வெட்டு இன்னும் வரவில்லை. கழுத்துப் பட்டியோ கைப்பை மடலோ வெட்ட மர அச்சு வைத்துப் பார்க்கிறார்கள், திருப்தி இல்லை. கத்தி மாற்றுவதும் அரைகுறையாகத்தான் இருக்கிறது. பழைய கத்தியைக் கழற்றிப் புதியதை மாட்டப் பட்டறைக்காரர் வர வேண்டியிருக்கிறது. கத்தியையும் அதன் உறையையும் ஒன்றாகவே கழற்றி மாட்டும்படி ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறார். அது முடியாதவரை இந்தக் கருவி பாதிதான் எங்களுடையது என்பது அக்காவின் கணக்கு.

எல்லோருக்குமான கூடு

கிளம்புமுன் தையல் பகுதிக்குப் போனேன். தைக்கும் பெண்களில் இருவருக்கு நல்ல பார்வை. அவர்களும் இப்போது கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. இந்த மேசைக்குத்தான் வருகிறார்கள். வேகம், கையும் பத்திரம், ஓரமும் நேர். இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொன்னது. அது பார்வையற்றோருக்கென்று எழுதிய பிரிவு இல்லை. மாற்றுத்திறனாளியின் தேவைக்கேற்ப நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசுகிறது. பணியிடங்களில் அந்த மாற்றம் பெரும்பாலும் சரிவுப்பாதை, பிரெயில் பலகை என்ற அளவில் நிற்கிறது. ஒருவர் சம்பாதிக்கும் கருவியே மாற வேண்டும் என்ற இடத்துக்கு நாம் இன்னும் முழுதாக வரவில்லை.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். வயதாக ஆகப் பார்வை மங்கும் தொழில் இது. அந்த அண்ணனைப் போல் நெசவாளராக இருந்து பிறகு பார்வை இழக்கிறவருக்குக் கைவசம் இருக்கும் சொத்து விரலின் பழக்கம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே அவர் தொழிலில் நீடிக்க முடியும் என்றால், அதற்குத் தடையாக இருப்பது ஒரு கத்தியின் வாய் திறந்து கிடப்பது என்றால், அந்த வாயை மூடிக்கொடுக்கப் பெரிய விஞ்ஞானம் தேவைப்படாது. இங்கே செலவானது தண்டவாளம், பித்தளைக் கம்பி, நாலைந்து ஸ்ப்ரிங், கொஞ்சம் மரம். மீதி எல்லாம் உட்கார்ந்து கேட்ட நேரம்.

வரைபடத்தைக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்களா என்றேன். "தாராளமா எடுத்துக்கட்டும். ஆனா அப்படியே பண்ணாதீங்கன்னு சொல்லிருங்க" என்றார் அக்கா. ஒவ்வொரு கூடத்திலும் மூங்கில் பட்டையின் அகலம் வேறு, துணியின் தடிமன் வேறு, உட்காரும் ஆட்களின் விரல் வேறு. அவர் போடும் நிபந்தனை மூன்று. செய்ய வருகிறவர் முதலில் தறியில் உட்கார்ந்து ஒரு சாணாவது நெய்ய வேண்டும். இரும்பில் இறங்குமுன் அட்டையிலும் மரத்திலும் செய்து கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்று விளக்கம் சொல்லாமல், கருவியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"நாங்களே ஒடைச்சுப் பாத்துட்டுக் கூப்பிடுவோமுங்க. அப்ப வந்தாப் போதும்."

அடுத்து அவர் கேட்டிருப்பது மடிப்புத் தையலுக்கான வழிகாட்டி. துணியின் ஓரம் எவ்வளவு மடிந்திருக்கிறது என்பது ஊசிக்குப் போகுமுன் விரலுக்குத் தெரிய வேண்டும். ஊசியும் ஒரு கூட்டுக்குள் இருக்க வேண்டும். பட்டறைக்காரர் அதற்கான அளவை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டிருந்தார். அந்த மாணவர் தறியில் உட்கார்ந்து, இரட்டை ஊடை போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.